அதிரும் தகடு, ஆழ்ந்த ஒலி

நியூசிலாந்தின் ஆக்லாந்து மாநகரின் தெற்கில், மானுகாவ் உட்கடலை ஒட்டி அமைந்துள்ள மங்கரே, ஒலிக்குப் பழகிய ஊர். 1966இல் திறக்கப்பட்ட ஆக்லாந்து விமான நிலையம் இப்பகுதியிலேயே இருப்பதால் விமான இரைச்சல் மக்களின் அன்றாடத்தில் கலந்துவிட்டது. சமோவா, தொங்கா, குக் தீவுகள், நியுவே ஆகிய பசிபிக் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே பெரும் எண்ணிக்கையில் வாழ்வதால், ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயங்களிலிருந்து பல குரல் இணைந்த சேர்ந்திசை எழுகிறது. இவற்றோடு, சாலையில் கடந்து செல்லும் வண்டிகளிலிருந்து வந்து நெஞ்சில் மோதும் ‘பேஸ்’ என்னும் ஆழ்ந்த தாழ்சுர ஒலியும் சேர்ந்துகொள்கிறது.

பேஸ் மீது தெற்கு ஆக்லாந்து மக்கள் வைத்திருக்கும் பற்றுக்குப் பின்னால் ஓர் இசை வரலாறு இருக்கிறது. 1979 ஏப்ரலில் ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லி ஆக்லாந்தின் வெஸ்டர்ன் ஸ்பிரிங்ஸ் அரங்கில் கச்சேரி நிகழ்த்திய பிறகு, ரெகே இசை மாவோரி, பசிபிக் இளைஞர்களிடையே ஆழ வேரூன்றியது. 1981இல் ‘ஹெர்ப்ஸ்’ என்னும் ஆக்லாந்துக் குழு தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டு, பசிபிக் ரெகே என்ற தனி வகைக்கு வழி திறந்தது. ரெகேயில் பாட்டைத் தாங்கி நடத்துவது பேஸ் கிட்டார். அதன் நான்கு தந்திகளுள் மிகத் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை, அதாவது 41 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலியை, வண்டியைத் தயாரித்த நிறுவனம் கதவுகளுக்குள் பொருத்தி அனுப்பும் சிறிய ஒலிபெருக்கிகளால் போதிய வலுவோடு எழுப்ப இயலாது. அந்தக் குறையை நிரப்பவே சப்வூஃபர், அதாவது ஏறத்தாழ 20 முதல் 80 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்சுரங்களை மட்டும் ஒலிக்கும் பெரிய ஒலிபெருக்கி, தேவைப்படுகிறது.

இதற்கு நேரெதிரான இன்னொரு மரபும் இதே தெற்கு ஆக்லாந்தில் வளர்ந்துள்ளது. தமிழகத்துத் திருவிழாக்களில் ஒரு காலத்தில் மரத்துக்கு மரம் கட்டப்பட்ட கூம்பு வடிவக் குழாய் ஒலிபெருக்கியைப் போன்றவற்றை மிதிவண்டியிலும் காரிலும் அடுக்கிக் கட்டி, யாருடைய ஒலி கூடுதல் தெளிவோடும் கூடுதல் தொலைவுக்கும் கேட்கிறது என்று பசிபிக் இளைஞர்கள் போட்டியிடுகிறார்கள். அதற்குச் ‘சைரன்’ என்று பெயர். அங்குள்ள மனுரேவாவைச் சேர்ந்த ஜாஷ் 685 என்னும் இளம் இசைக்கலைஞர் இம்மரபிலிருந்து உருவாக்கிய ‘லாக்ஸ்ட்’ என்னும் இசைத்துணுக்கு, 2020இல் அமெரிக்கப் பாடகர் ஜேசன் டெருலோவின் குரலோடு ‘சேவேஜ் லவ்’ ஆகி, தென்கொரியாவின் பி.டி.எஸ். குழு இணைந்த மறுவடிவத்தின் துணையோடு அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடத்தை எட்டியது. சைரன் தன் ஒலியை வெளியே வீசுவதற்காகவே கட்டப்படுவது. வண்டிக்குள் வைக்கும் சப்வூஃபரின் வேலையோ, உள்ளே அமர்ந்திருப்பவரைச் சுற்றியுள்ள சிறு இடத்தை நிரப்புவது. இந்த வேறுபாட்டை உணராமல், மேலும் மேலும் வாட் திறனைச் சேர்த்துக்கொண்டே போவதால்தான் பல வண்டிகளில் இசையைவிடத் தகடுகளின் கடகடப்பு ஓங்கி நிற்கிறது. ஒரு பிக்கப் வண்டியில் நல்ல பேஸ் கிடைப்பது ஒலிபெருக்கியை நிறுவுவதால் பாதியும், வண்டியின் உடலை அமைதிப்படுத்துவதால் மறுபாதியும் ஆகும் என்பதை இயற்பியல் தெளிவாகவே காட்டுகிறது.

யூட்டின் உடலமைப்பு

நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பிக்கப் வண்டியை ‘யூட்’ என்று அழைக்கிறார்கள். ஞாயிறன்று தேவாலயத்துக்குப் போகவும் திங்களன்று பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லவும் ஒரே வண்டி வேண்டும் என்று விக்டோரியா மாநிலத்து விவசாயி ஒருவரின் மனைவி 1932இல் ஃபோர்டு நிறுவனத்துக்கு எழுதியதாகவும், அதன் பயனாக ஜீலாங் நகரத்து ஆலையில் லூ பாண்ட் என்னும் இளம் வடிவமைப்பாளர் உருவாக்கிய வண்டி 1934இல் வெளிவந்ததாகவும் அதன் பிறப்பு வரலாறு சொல்லப்படுகிறது. இன்று ஃபோர்டு ரேஞ்சரும் டொயோட்டா ஹைலக்ஸும் நியூசிலாந்தின் வாகன விற்பனையில் முன்வரிசையில் நிற்கின்றன; கட்டுமானத் தொழிலாளியின் கருவிகளை வாரநாட்களில் சுமக்கும் அதே வண்டி, வார இறுதியில் குடும்பத்தைச் சுமக்கிறது.

இவ்வகை வண்டியின் கட்டமைப்பு காரிலிருந்து வேறுபட்டது. ஏணி வடிவ இரும்புச் சேசிஸின் மீது, பயணிகள் அமரும் கேபின் ரப்பர் தாங்கிகளில் தனியாகவும், சரக்குத் தொட்டி தனியாகவும் அமர்த்தப்படுகின்றன. காரில் இருப்பது போன்ற டிக்கி இங்கே கிடையாது. பின்னிருக்கைக்குப் பின்னால் உடனே கேபினின் பின்சுவர் வந்துவிடுகிறது. அந்தச் சுவர் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள ஒற்றைத் தகடு. அதன் மேற்பாதியில் கண்ணாடி. உட்புறத்தில் பிளாஸ்டிக் கிளிப்புகளால் மாட்டப்பட்ட மெல்லிய மூடுபலகை. கதவை அடைக்கும்போது உள்ளே அழுந்தும் காற்று வெளியேறுவதற்காக, பல வண்டிகளில் அந்தப் பின்சுவரில் ரப்பர் மடல்கள் கொண்ட காற்றுத் துளைகளும் வைக்கப்படுகின்றன. ஆக, சப்வூஃபருக்குக் கிடைக்கக்கூடிய ஒரே இடம், வண்டியிலேயே மிக எளிதில் அதிரக்கூடிய பகுதிக்குப் பக்கத்தில் அமைந்துவிடுகிறது.

சிறிய அறை, நீண்ட அலை

ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலைக்கு நீளம் எட்டரை மீட்டருக்கும் சற்றுக் கூடுதல். கேபினின் உட்புறமோ இரண்டு, இரண்டரை மீட்டரைத் தாண்டாது. முழு அலை உள்ளே அடங்க இடமில்லாததால், ஒலிபெருக்கியின் கூம்பு முன்னும் பின்னும் அசையும்போது கேபினிலுள்ள காற்று முழுவதும் ஒருசேர அழுந்தித் தளர்கிறது. இதனால், கேபினின் நீளம் அலைநீளத்தில் பாதியாக அமையும் அதிர்வெண்ணுக்குக் கீழே, அதாவது ஏறத்தாழ 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே, சுரம் தாழத் தாழ ஒலியழுத்தம் தானாகவே கூடுகிறது. இதனைக் ‘கேபின் ஆதாயம்’ என்பார்கள். எல்லாப் பக்கமும் இறுக மூடிய கேபினில் இது ஓர் எண்மத்துக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும், 12 டெசிபெல் வரை எட்டலாம். பெரிய வரவேற்பறையில் பெரும் ஒலிபெருக்கி செய்யும் வேலையைச் சிறு கேபினுக்குள் ஒரு பத்து அங்குல ஒலிபெருக்கி செய்துவிடுவது இதனால்தான்.

ஆனால் இந்த ஆதாயம் கேபின் இறுக்கமாக இருக்கும் வரையில்தான் கிடைக்கிறது. தகடு வெளிப்புறமாக வளைந்து கொடுத்தாலும், மடல்கள் திறந்து மூடினாலும், காற்றை அழுத்தச் செலவாகியிருக்க வேண்டிய ஆற்றல் தகட்டை ஆட்டுவதில் வீணாகிறது. அந்த இழப்பை வாட் திறனால் ஈடுகட்டுவது மிகவும் செலவான வழி: ஆம்ப்ளிஃபயரின் திறனை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபெல் மட்டுமே, காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு திறன், வேண்டும்.

பெட்டியின் தேர்வு

ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே தள்ளும் காற்றும் பின்னே இழுக்கும் காற்றும் கலந்துவிட்டால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதைத் தடுப்பதுதான் பெட்டியின் முதல் கடமை. மூடிய பெட்டி, துளையுள்ள பெட்டி என்று இதில் இரு பெரும் வகைகள் உண்டு. மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்தும் முறையை அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் 1954இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். துளையுள்ள பெட்டியில், அத்துளையில் பொருத்திய குழாய்க்குள் இருக்கும் காற்றும் குறிப்பிட்ட அதிர்வெண்ணில் சேர்ந்து அதிர்ந்து ஒலியைக் கூட்டுகிறது. அதனைக் கணக்கிட்டு வடிவமைக்கும் முறையை ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961இல் வகுத்தார்; சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1970களில் அதை விரித்தார். இன்று உலகில் விற்கப்படும் சப்வூஃபர்களின் தரவுத்தாளில் ‘தீல்–ஸ்மால் அளவுருக்கள்’ என்று அச்சாகியிருப்பவை இவ்விருவரின் பெயரைத் தாங்கியவையே.

யூட்டுக்கு மூடிய பெட்டியே பெரும்பாலும் ஏற்றது. துளையுள்ள பெட்டி கூடுதல் ஒலி தரும் என்றாலும் அது கூடுதல் கொள்ளளவையும் கேட்கும். பின்னிருக்கைக்குப் பின்னால் அந்த இடம் இல்லை. மேலும், மூடிய பெட்டியின் ஒலி தாழ்சுரங்களை நோக்கிப் போகப் போக மெல்லச் சரிவதும், அதே பகுதியில் கேபின் ஆதாயம் மெல்ல ஏறுவதும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் முடிவில் கிடைப்பது சமனான பேஸ். வழக்கமான சப்வூஃபருக்கு 15 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம் தேவைப்படும் என்பதால், எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் ஆழத்திலேயே அடங்கிவிடும் ‘ஷாலோ மவுண்ட்’ வகை இங்கே பயன்படுகிறது. பத்து அங்குல அளவுக்கு 15 முதல் 25 லிட்டர் வரையிலான மூடிய பெட்டி பொதுவாகப் போதும். துல்லியமான கொள்ளளவைத் தயாரிப்பாளரின் தரவுத்தாளே சொல்லும். இருக்கைக்கு அடியில் நுழையும் தட்டையான, ஆம்ப்ளிஃபயரும் உள்ளடங்கிய எட்டு அங்குலப் பெட்டிகளும் கிடைக்கின்றன. குறைந்த வேலையில் மிதமான பலன் வேண்டுவோருக்கு அவை பொருந்தும்.

பெட்டியைச் செய்ய 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகை வழக்கமான தேர்வு. மூலைகளைப் பசையும் திருகும் கொண்டு இணைத்து, உட்புற இணைப்புகளில் சிலிக்கோன் பூசிக் காற்றுக் கசிவை அடைக்க வேண்டும். பெட்டியின் சுவரே அதிருமானால் வண்டியின் தகட்டைத் தணித்துப் பயனில்லை என்பதால், அகன்ற பக்கங்களுக்கு நடுவே ஒரு குறுக்குச் சட்டம் கொடுப்பது நல்லது.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பாதுகாப்பு ஒலிக்கு முந்தியது. இரட்டைக் கேபின் யூட்டுகளில் குழந்தை இருக்கையின் மேற்பட்டையை மாட்டும் கொக்கி பின்னிருக்கைக்குப் பின்னால்தான் இருக்கும். ஜாக்கியும் சக்கரம் கழற்றும் கருவிகளும் அங்கேயோ இருக்கைக்கு அடியிலோ வைக்கப்பட்டிருக்கும். பெட்டி இவற்றை மறைக்கக் கூடாது. இருக்கை தன் பூட்டில் முழுமையாக அமர்வதையும் அது தடுக்கக் கூடாது. இருபது கிலோ எடையுள்ள ஒரு பெட்டி விபத்தின்போது உள்ளிருப்போர் மீது பாய்ந்துவிடாதபடி, அதனை உலோகத் தாங்கிகளால் உடற்சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்குவது கட்டாயம்.

மின்சாரம்: குறுகிய வழியும் சுத்தமான எர்த்தும்

500 வாட் வெளியீடு தரும், ஏறத்தாழ 80 விழுக்காடு செயல்திறன் கொண்ட டி-வகை ஆம்ப்ளிஃபயர், எஞ்சின் ஓடும்போதுள்ள 13.8 வோல்ட் மின்னழுத்தத்தில் முழுத்திறனுடன் இயங்கினால் 45 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதற்கு 20 சதுர மில்லிமீட்டர் அளவிலான தடித்த செப்புக் கம்பி பாதுகாப்பானது. பாட்டரியிலிருந்து இக்கம்பி புறப்படும் இடத்துக்கு மிக அருகில், 45 சென்டிமீட்டருக்குள், கம்பியின் தாங்குதிறனுக்கேற்ற ஃபியூஸ் வைக்க வேண்டும். ஃபியூஸ் காப்பது ஆம்ப்ளிஃபயரை அன்று, கம்பியை. எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகட்டில் கம்பி நுழையும் துளைக்கு ரப்பர் வளையம் இடாவிட்டால், தகட்டின் கூரிய விளிம்பு நாளடைவில் கம்பியின் உறையை அறுத்துத் தீ விபத்துக்கு வழிசெய்யும்.

எர்த் கம்பி குட்டையாக இருக்க வேண்டும். அது சேரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் உலோகத்தின் மீது இறுக்கி, மேலே துருத்தடுப்புப் பூச்சு இட வேண்டும். இருக்கைப் பட்டையின் போல்ட்டை எர்த்துக்குப் பயன்படுத்துவது பலரும் செய்யும், ஆனால் ஒருபோதும் செய்யக் கூடாத செயல். மின்கம்பி வண்டியின் ஒரு பக்கமாகவும், ஒலிச்சமிக்ஞையைக் கொண்டுவரும் கம்பி மறுபக்கமாகவும் ஓடினால், எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஆல்டர்னேட்டரின் கீச்சொலி இசையில் கலக்காது. கதவடியில் கம்பியை ஓட்டும்போது பக்கக் காற்றுப்பைகளின் கம்பித்தொகுதியைத் தொடாமல் விலகிச் செல்வதும் அவசியம்.

அமைப்பில், தாழ்சுரங்களை மட்டும் உள்ளே விடும் வடிகட்டியை 80 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்கலாம். ஆம்ப்ளிஃபயரிலுள்ள ‘கெயின்’ என்னும் திருகி ஒலியைக் கூட்டும் குமிழ் அன்று. உள்ளே வரும் சமிக்ஞையின் அளவுக்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தும் கருவி. அதை அளவுக்கு மீறித் திருகினால் அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டு, ஒலி சிதைவதோடு ஒலிபெருக்கியின் கம்பிச்சுருளும் சூடேறிக் கருகும். ‘ஃபேஸ்’ சுவிட்சை இரு நிலைகளிலும் வைத்துக் கேட்டு, ஓட்டுநர் இருக்கையில் எது நிறைவாக ஒலிக்கிறதோ அதைத் தேர்ந்துகொள்வதே முறை.

ஒரு கிளிப் எப்படி ஒரு பாட்டைக் கெடுக்கிறது

1933இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் மனிதக் காது எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவில் கேட்பதில்லை என்பதை அளந்து வெளியிட்டார்கள். மிதமான ஒலியளவில், 50 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்று 1,000 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு நிகராகக் கேட்க வேண்டுமானால் அது ஏறத்தாழ 30 டெசிபெல் கூடுதலாக ஒலிக்க வேண்டும். இதன் மறுபக்கம்தான் வண்டிக்குள் இசை கேட்பவருக்கு முக்கியமானது. தளர்ந்த கிளிப்போ உரசும் பிளாஸ்டிக்கோ எழுப்பும் கடகடப்பு, காது மிகக் கூர்மையாக இருக்கும் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் பகுதியில் பிறக்கிறது. ஆகவே, பேஸைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றலே கொண்ட கடகடப்பும் பேஸுக்கு நிகராகக் காதில் விழுகிறது. அதை மூழ்கடிக்கப் பேஸைக் கூட்டினால் கடகடப்பும் சேர்ந்தே கூடும். ஒலியைக் கூட்டி வெல்ல முடியாத போட்டி இது; கடகடப்பின் மூலத்தைத் தேடி அடக்குவதே வழி.

தேடுவதற்கு ஓர் எளிய முறை உண்டு. 20 ஹெர்ட்ஸிலிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒற்றைச் சுரத்தை ஒலிக்கவிட்டு, ஒருவர் அதை இயக்க, மற்றொருவர் உள்ளங்கையால் ஒவ்வொரு பகுதியையும் அழுத்திப் பார்க்க வேண்டும். எங்கே கை வைத்ததும் ஓசை நிற்கிறதோ அங்கேதான் குறை. 45 ஹெர்ட்ஸில் பின்சுவரின் மூடுபலகை இரையலாம். 60 ஹெர்ட்ஸில் இருக்கைப் பட்டையின் உலோக நாக்கு தூணில் தட்டலாம். சற்று மேலே போனால் எண் பலகையும், கதவுக்குள் பூட்டை இயக்கும் மெல்லிய கம்பியும், பாதி இறக்கிய கண்ணாடியும் வரிசையாகப் பேசத் தொடங்கும். ஒவ்வொன்றையும் எந்த அதிர்வெண்ணில் கண்டது என்று காகிதத் துண்டில் எழுதி அங்கேயே ஒட்டி வைத்தால், பிரித்துப் பூட்டும்போது எதுவும் விடுபடாது. வெளியே சரக்குத் தொட்டியின் பின்கதவு, தொட்டியின் மூடி, அதனுள் கிடக்கும் சங்கிலி ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும். கருவிப்பெட்டிக்குள் உருளும் ஒரு ஸ்பேனரைத் தகட்டின் குறை என்று எண்ணி நாளெல்லாம் தேடுவது எளிதில் நேரக்கூடியதே.

நான்கு பொருள்கள், நான்கு வேலைகள்

அதிர்வைக் குறைக்கச் சந்தையில் விற்கப்படும் பொருள்கள் அனைத்தையும் ஒரே பெயரில் அழைப்பதால் குழப்பம் நேர்கிறது. உண்மையில் அவை நான்கு வெவ்வேறு இயற்பியல் வேலைகளைச் செய்பவை.

முதலாவது தணிப்பு. பியூட்டைல் ரப்பரின் மேல் அலுமினியத் தாள் ஒட்டிய விரிப்பைத் தகட்டில் அழுத்தி ஒட்டும்போது, தகடு வளையும் ஒவ்வொரு முறையும் தகட்டுக்கும் அலுமினியத்துக்கும் இடையே ரப்பர் இழுபட்டு, அசைவின் ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடுகிறது. விரிப்பின் எடையும் தகட்டின் இயல்பான அதிர்வெண்ணைக் கீழே இறக்குகிறது. மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பியில் ரவைப் பசையை அப்பி அதன் நாதத்தைத் தாழ்த்தும் கலைஞர் பயன்படுத்துவதும் இதே விதியைத்தான். வலப்பக்கத் தோலின் கருஞ்சாந்து அதன் மேல்சுரங்களை இசைவான வரிசையில் அமர்த்துவதை சி. வி. ராமன் 1920இல் ‘நேச்சர்’ இதழில் விளக்கியபோது, அதிரும் பரப்பின் எந்த இடத்தில் எடை அமர்கிறது என்பதே அதன் குரலைத் தீர்மானிக்கிறது என்பது அறிவியல் உலகுக்குத் தெளிவானது. தகட்டிலும் அவ்வாறே: மிகுதியாக அசைவது நடுப்பகுதி என்பதால், பரப்பில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை நடுவே ஒட்டினாலே பெரும்பயன் கிட்டிவிடும். விளிம்பு முதல் விளிம்பு வரை ஒட்டுவது எடையையும் செலவையும் கூட்டுமேயன்றி அதே விகிதத்தில் பலனைக் கூட்டாது. ஒட்டுவதற்கு முன் தகட்டை ஆல்கஹால் கொண்டு துடைத்து, ஒட்டிய பின் உருளையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். கூரை ஒழுகலை அடைக்கும் தார் நாடா மலிவாகக் கிடைக்கும் என்றாலும், வெயிலில் நின்ற வண்டிக்குள் அது இளகி வழியும், நாற்றமும் வீசும்.

இரண்டாவது பிரிப்பு. ஒன்றோடொன்று தட்டும் இரு பரப்புகளுக்கு நடுவே மூடிய நுண்ணறைகள் கொண்ட ஃபோம் துண்டையோ, கம்பித்தொகுதிகளுக்குச் சுற்றப்படும் மென்துணி நாடாவையோ வைத்துவிட்டால் தட்டல் நின்றுவிடும். மூடுபலகையின் ஒவ்வொரு கிளிப்பின் கழுத்திலும் ஒரு சிறு ஃபோம் வளையமும், எண் பலகைக்குப் பின்னால் நான்கு மூலைகளிலும் ஃபோம் துண்டுகளும் வைப்பது மிகக் குறைந்த செலவில் மிகுந்த பலன் தரும் வேலை. நேரம் ஒதுக்க முடிந்தவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுவே.

மூன்றாவது தடுப்பு. சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ள கனத்த வினைல் விரிப்பு, சாலை இரைச்சல் தரை வழியே உள்ளே வருவதைக் குறைக்கும். ஒரு தடுப்பின் எடையை இரட்டித்தால் ஒலித்தடை 6 டெசிபெல் கூடும் என்பதும், அதிர்வெண் பாதியானால் அதே அளவு குறையும் என்பதும் ‘நிறை விதி’. இதனால் டயரின் இரைச்சலை அடக்கும் வினைலால் 40 ஹெர்ட்ஸ் பேஸை வண்டிக்குள் அடைத்துவைக்க இயலாது.

நான்காவது உறிஞ்சல். பஞ்சு போன்ற பொருள் ஒலியை நன்கு உறிஞ்ச அதன் தடிமன் அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கை நெருங்க வேண்டும். 40 ஹெர்ட்ஸுக்கு அது இரண்டு மீட்டருக்கும் மேல். ஓர் அங்குலப் பஞ்சு பேஸை உறிஞ்சும் என்று விற்கப்படுவதை நம்பிப் பணம் செலவிட வேண்டியதில்லை.

மங்கரேயின் கடற்காற்று இன்னோர் எச்சரிக்கையையும் சேர்க்கிறது. கண்ணாடியின் ஓரமாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர், கதவின் அடிவிளிம்பிலுள்ள சிறு துளைகள் வழியே வெளியேற வேண்டும். விரிப்பு அந்தத் துளைகளை அடைத்துவிட்டால், உப்பு கலந்த ஈரத்தில் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். பின்சுவரின் காற்று மடல்களையும் நிரந்தரமாக அடைத்துவிடக் கூடாது. அவை அமரும் விளிம்பில் மெல்லிய ஃபோம் நாடா ஒட்டினால், காற்றும் போகும், படபடப்பும் அடங்கும்.

வண்டிக்கு வெளியே நிற்பவர்

பேஸ் சுவர்களை ஊடுருவுவது அதே நிறை விதியால்தான். நியூசிலாந்தின் பெரும்பாலான வீடுகள் மரச்சட்டத்தின் மேல் எழுப்பப்பட்டவை. அவற்றின் இலகுவான சுவர்கள் பேச்சொலியை ஓரளவு தடுத்தாலும் தாழ்சுரங்களைத் தடுப்பதில்லை. அரசு வீட்டுவசதி நிறுவனமான காய்ங்கா ஓரா, மங்கரேயில் அகன்ற முற்றத்தோடு இருந்த பழைய ஒற்றைமாடி அரசு வீடுகளை அகற்றி அடுத்தடுத்து ஒட்டிய வீடுகளைக் கட்டிவரும் நிலையில், ஒருவருடைய வண்டி நிற்கும் இடத்துக்கும் மற்றவருடைய படுக்கையறைக்கும் இடையிலான தூரம் குறைந்துகொண்டே வருகிறது. இரவு வேலை முடித்துப் பகலில் உறங்கும் விமான நிலையத் தொழிலாளர்கள் பலர் வாழும் ஊர் இது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

1991ஆம் ஆண்டு வள மேலாண்மைச் சட்டம் அளவுமீறிய இரைச்சலுக்கு எதிராக அதிகாரிகள் ஆணையிட வழிசெய்தது. அந்த ஆணை 72 மணிநேரம் வரை நீடிக்கும். மீறினால் ஒலிக்கருவியைப் பறிமுதல் செய்யலாம். வீட்டு வாசலில் நிறுத்திய வண்டியிலிருந்து எழும் இசையும் இதில் அடங்கும். சாலையில் ஓடும் வண்டியின் ஒலி இந்த வரையறைக்கு வெளியே நிற்பதால், அதனைப் போக்குவரத்து விதிகள் தனியாகத் தடை செய்கின்றன. அங்கே நடவடிக்கை எடுப்பது காவல்துறை. அளவுமீறியது எது என்பதை அதிகாரி தன் காதால் கேட்டே முடிவு செய்யலாம் என்பது நியாயமான ஏற்பாடு. ஏனெனில், வழக்கமான ‘டெசிபெல்-ஏ’ அளவீடு 50 ஹெர்ட்ஸ் ஒலியை 30 டெசிபெல் குறைத்தே காட்டும்; சுவர் அதிர்ந்து உறக்கம் கலைந்தவரின் துன்பத்தை அந்த எண் முழுமையாகச் சொல்லாது.

உள்ளே இருப்பவரின் காதும் பாதுகாக்கப்பட வேண்டியதே. 85 டெசிபெல்-ஏ ஒலியை எட்டு மணிநேரம் கேட்பதையே பணியிடப் பாதுகாப்பு நெறிகள் எல்லையாகக் கொள்கின்றன. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் அந்த நேரம் பாதியாகி, 94 டெசிபெல்லில் ஒரு மணிநேரமாகச் சுருங்கிவிடும். செவியின் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

ஆகவே, யூட்டுக்குள் பேஸ் அமைக்க முற்படுவோர் தங்கள் பணத்தையும் நேரத்தையும் பங்கிடும் முறையை மாற்றிக்கொள்வது நலம். இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளுக்குப் பதிலாக நல்ல பெட்டியில் ஒன்றும், ஆயிரம் வாட்டுக்குப் பதிலாக முந்நூறோ ஐந்நூறோ வாட்டும் வாங்கி, மிஞ்சும் தொகையைப் பியூட்டைல் விரிப்புக்கும் ஃபோமுக்கும், மிஞ்சும் நேரத்தைக் கிளிப் கிளிப்பாகத் தட்டிப் பார்ப்பதற்கும் செலவிட வேண்டும். தகடுகள் அடங்கிய கேபினில், கடகடப்போடு போட்டியிட வேண்டிய தேவை பேஸுக்கு இல்லை. குறைந்த ஒலியிலேயே பேஸ் கிட்டாரின் விரலசைவு வரை தெளிவாகக் கேட்கிறது. பேஸை வண்டிக்குள் அடைத்துவைக்க எந்த விரிப்பாலும் முடியாது என்பதால், தெருவுக்குள் போகும் அளவைக் குறைக்கும் ஒரே வழி, உள்ளே குறைவாக ஒலித்தும் நிறைவாகக் கேட்கும் ஓர் அமைப்பைக் கட்டுவதுதான். அத்தகைய வண்டியில் ரெகேயை விரும்புபவருக்கு அவருடைய இசையும், பக்கத்து வீட்டில் இரவுப்பணி முடித்துப் படுத்தவருக்கு அவருடைய உறக்கமும் ஒருசேரக் கிடைக்கின்றன.